விருந்தினர் வரத் தொடங்கினால் பழைய வீட்டின் சுமை மாறும்

பூர்வீக வீட்டைப் புதுப்பித்து விருந்தினருக்கு விடப்போகிறோம் என்று என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் கைப்பேசி நிறையப் படங்களோடு வருவார்கள். சுவருக்கு எந்த நிறம், கூடத்தில் எந்த விளக்கு, குளியலறைக்கு எந்தக் கல் என்று எல்லாம் முடிவாகியிருக்கும். பழைய கட்டடங்களைச் சீரமைப்பது என் தொழில். நான் முதலில் கேட்பது, ஒரே இரவில் அதிகபட்சம் எத்தனை பேர் தங்குவார்கள், எத்தனை பேர் குளிப்பார்கள் என்பதைத்தான்.

இந்தக் கேள்வி பலருக்கு வேடிக்கையாகத் தெரிகிறது. ஆனால் வயதான இருவர் மட்டும் இத்தனை வருடம் இருந்த வீட்டில் நாளை பன்னிரண்டு பேர் தூங்கப்போகிறார்கள். தூங்குகிற ஒரு ஆள் மூச்சிலும் தோலிலுமாக மணிக்கு ஏறக்குறைய 40 கிராம் ஈரத்தைக் காற்றில் விடுகிறார். ஜன்னலை மூடி ஏசி போட்ட அறையில் இரண்டு பேர் எட்டு மணி நேரம் தூங்கினால் அரை லிட்டருக்கு மேல். வெந்நீர்க் குளியலின் ஆவி தனிக் கணக்கு. இது எல்லாவற்றையும் தாங்க வேண்டியது அந்தப் பழைய சுவர்.

அந்தச் சுவர் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் அதைத் தொடக்கூடாது. இன்று நாம் பூசுகிற போர்ட்லாண்ட் சிமென்டுக்கு இங்கிலாந்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றது 1824-இல்தான். அது பரவலாகப் புழக்கத்துக்கு வர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. அதற்கு முந்தைய வீடுகளில் செங்கல்லையும் கல்லையும் பிடித்து வைத்திருப்பது சுண்ணாம்போ மண்ணோதான். அடித்தளத்தில் ஓதம் தடுக்கும் அடுக்கு பொதுவாக இருக்காது. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஆவியாகிப் போய்விடும். சுவர் நனையும், காயும், மறுபடி நனையும். அப்படியே நூறு வருடம் நிற்கும்.

அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே மேலே ஏறுகிறது. ஈரத்தில் கரைந்து வரும் உப்பு, பூச்சுக்குப் பின்னால் படிகமாகி அதைப் பாளம் பாளமாகப் பெயர்க்கிறது. அது கண்ணுக்குத் தெரிகிற கேடு. எனக்குப் பயம் தருவது தெரியாததுதான். சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திரத்தின் முனையில் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால், பூஞ்சை மரத்தைத் தின்னத் தொடங்கும். கீழிருந்து பார்த்தால் உத்திரம் பளபளவென்று வார்னிஷோடு இருக்கும். முனையில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் உள்ளே இறங்கும்.

ஆகவே கூரை, மழைநீர்க் குழாய், வீட்டைச் சுற்றித் தண்ணீர் வழிந்தோட வாட்டம், இந்த மூன்றையும் முதலில் சரி செய்யுங்கள். அப்புறம் ஒரு மழைக்காலம் முழுக்கச் சுவரைக் கவனித்துவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சுக்குப் போகலாம். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் மெல்லக் கெட்டிப்படும், அதை அவசரப்படுத்த முடியாது. திறப்பு விழாத் தேதியைக் குறித்துவிட்டு வேலை தொடங்குகிறவர்கள்தான் கடைசியில் சிமென்டுக்குப் போகிறார்கள். சுண்ணாம்பு பூசிவிட்டு மேலே பிளாஸ்டிக் எமல்ஷன் அடிப்பதும் ஏறக்குறைய அதே கதைதான்.

அடுத்த சண்டை மாடிக் குளியலறை பற்றியது. எல்லோருக்கும் அறையோடு சேர்ந்த குளியலறை வேண்டும். விருந்தினரும் அதைத்தான் கேட்பார்கள், சரி. ஆனால் 200 லிட்டர் குளியல் தொட்டி நிறைந்தால் தண்ணீர் மட்டும் 200 கிலோ. பல நாட்டு விதிகளில் வீட்டு அறைத் தளம் ஒரு சதுர மீட்டருக்குத் தாங்க வேண்டிய மொத்தப் பயன்பாட்டுச் சுமையே, அதாவது ஆட்களும் சாமான்களும் சேர்ந்த எடையே, ஏறக்குறைய அவ்வளவுதான். கூட்டம் கூடும் அறைக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் கேட்கிறார்கள். மரத்தளம் போட்ட மாடிக் கூடத்தில் விசேஷங்கள் நடத்தலாம் என்று விளம்பரம் போடுவதற்கு முன் ஒரு கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். குளியலறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக, குழாயைத் திறந்து பார்க்கக்கூடிய ஓரத்தில் வையுங்கள். செதுக்கு வேலையுள்ள மரக்கூரைக்கு மேலே வேண்டவே வேண்டாம்.

பழைய பெயின்டைச் சுரண்டும்போது கவனம். அமெரிக்காவிலேயே வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்குத் தடை வந்தது 1978-இல்தான். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டால் ஈயத் தூசி வீடெங்கும் பரவும், குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பரிசோதித்துவிட்டு, நனைத்துச் சுரண்டச் சொல்லுங்கள்.

வயரிங்கை முழுவதும் மாற்றத்தான் வேண்டும். அறைக்கு அறை ஏசி, கீசர், கெட்டில் என்று வந்தால் பழைய கம்பி சூடேறும். 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் புகை எச்சரிக்கை மணியும் இல்லாத வீட்டில் ஆளைத் தங்க வைக்கக்கூடாது.

விருந்தினருக்கு இருட்டில் அந்த வீட்டைத் தெரியாது. உங்கள் பாட்டி தாழ்ந்த வாசல்நிலையில் தலை இடிக்காமல் அறுபது வருடம் நடந்திருப்பார். மாடிப்படியில் நாலாவது படி மட்டும் உயரம் என்பது உங்கள் காலுக்குத் தெரியும். புதிதாக வருகிறவருக்கு விளக்கு வேண்டும், கைப்பிடி வேண்டும், முழங்கால் உயரக் கைப்பிடிச்சுவருக்கு மேலே இன்னொரு தடுப்பு வேண்டும். எல்லா ஜன்னலிலும் இரும்புக் கம்பி, ஒரே மாடிப்படி, உள்ளிருந்தும் சாவி போட்டுத் திறக்கும் கதவு என்று இருந்தால், தீ பிடிக்கும்போது அது சிறை. எந்தக் கதவும் உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்க வேண்டும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

வாரக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் அறையின் குழாய்களையும் மறக்காதீர்கள். 20 முதல் 45 டிகிரி வெப்பத்தில் தேங்கிய நீரில் லெஜியோனெல்லா கிருமி பெருகும். 1976-இல் பிலடெல்பியாவில் ஒரு ஓட்டல் மாநாட்டுக்கு வந்தவர்கள் நிமோனியாவில் இறந்ததை ஆராய்ந்தபோதுதான் இந்தக் கிருமி அடையாளம் காணப்பட்டது. ஆளில்லாவிட்டாலும் வாரம் ஒருமுறை குழாயையும் ஷவரையும் சில நிமிடம் திறந்துவிடுங்கள். வெந்நீர்த் தொட்டியை 60 டிகிரியில் வைத்து, குழாய் முனையில் சுடாதபடி கலப்பு வால்வு போடுங்கள்.

இவ்வளவையும் செய்து முடித்த பிறகு அழகுக்கு வரலாம். பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச நெறிமுறையான 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், யூகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நிற்க வேண்டும் என்கிறது. வேறெங்கோ இடித்த வீட்டுத் தூண்களை வாங்கி நட்டு 'பரம்பரைத் தூண்' என்று காட்டுவது எனக்குப் பிடிக்காது. ஒட்டுப்போட்ட கதவு ஒட்டுப்போட்டதாகவே தெரியட்டும், கேட்கிற விருந்தினருக்குச் சொல்ல ஒரு கதையாவது இருக்கும்.

கட்டணம் வாங்கத் தொடங்குமுன் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். சாதாரண வீட்டுக் காப்பீடு பெரும்பாலும் பணம் கொடுத்துத் தங்குகிறவர்களுக்குப் பொருந்தாது. அப்புறம், வீட்டை முன்பின் பார்க்காத நண்பர் குடும்பம் ஒன்றை மழை நாளில் இரண்டு இரவு தங்க வையுங்கள். நீங்கள் கூடவே நடந்து வழிகாட்டக்கூடாது. எங்கே தடுமாறினார்கள், எந்த ஸ்விட்சைத் தேடினார்கள், காலையில் எந்தச் சுவர் வியர்த்திருந்தது என்று எழுதி வாங்குங்கள். அந்தத் தாளோடு எலக்ட்ரீசியனையும் தச்சரையும் கொத்தனாரையும் இன்னொரு முறை கூப்பிட வேண்டியிருக்கும். அதற்கான பணத்தை முதலிலேயே ஒதுக்கி வையுங்கள்.