ரிப்போர்ட்டில் 'பாசிட்டிவ்' என்று இருந்தால்

'எப்போதும் பாசிட்டிவா இருங்க' என்று யாராவது சொன்னால் மனசுக்கு இதமாக இருக்கிறது. அதே சொல் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் வந்தால் வயிற்றைக் கலக்குகிறது. 'நெகட்டிவ்' என்பதைப் பார்த்துப் பதறுகிறவர்களும் உண்டு. 'ஒன்றுமில்லை' என்று நினைத்து மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. இருவருமே அந்தச் சொல்லைத் தவறாகப் படித்துவிட்டார்கள்.

'வைத்தல்' என்று பொருள்படும் லத்தீன் வினைச்சொல்லில் பிறந்த சொல் 'பாசிட்டிவ்'. உறுதியானது, ஐயமற்றது என்பவை அதன் பழைய பொருள்களில் அடங்கும். கணக்கில் பூஜ்யத்துக்கு மேற்பட்ட எண், பேட்டரியில் கூட்டல் குறியிட்ட முனை, பேச்சில் நம்பிக்கை தரும் மனநிலை என்று பின்னால் பல கிளைகள் விட்டது. பரிசோதனைக் கூடத்தில் அதற்கு ஒரே பொருள்தான்: தேடியது அகப்பட்டது. அகப்பட்டது நல்லதா கெட்டதா என்பது, எதைத் தேடினோம் என்பதைப் பொறுத்தது. 'நேர்மறை' என்று மொழிபெயர்த்தால் 'நல்லது' என்ற சாயலும் கூடவே ஒட்டிக்கொள்ளும். 'இருக்கிறது', 'இல்லை' என்று படிப்பதே பாதுகாப்பு.

மிக அதிகமாகக் குழப்புவது, கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்றான ஹெபடைடிஸ் பி-க்கான பரிசோதனை. எச்பிஎஸ்-ஏஜி என்பது வைரஸின் மேலுறைப் புரதம். அது பாசிட்டிவ் என்றால் வைரஸ் உடலில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேலும் அப்படியே நீடித்தால் நாள்பட்ட தொற்று. ஆன்டி-எச்பிஎஸ் என்பது அந்தப் புரதத்துக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள். மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட்டும் அதற்கு மேலும் இருந்தால் பாதுகாப்பு இருப்பதாகக் கொள்கிறோம். ஒரே நோய், ஒரே சொல், பெயர்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும், பொருளோ நேரெதிர். தடுப்பூசி போட்டவர் ஆன்டி-எச்பிஎஸ் பாசிட்டிவ் என்று பார்த்துத் தூக்கத்தைத் தொலைப்பது ஒரு தவறு. எச்பிஎஸ்-ஏஜி பாசிட்டிவ் வந்தவர் 'ஊசி வேலை செய்கிறது' என்று எண்ணிச் சும்மா இருந்துவிடுவது அதைவிட ஆபத்தான தவறு. கல்லீரல் கண்காணிப்பு தள்ளிப்போகும், வீட்டில் இருப்பவர்களுக்குப் பரிசோதனையும் தடுப்பூசியும் கிடைக்காமல் போகும்.

மார்பகப் புற்றுநோய் ரிப்போர்ட்டில் நிலைமை இன்னும் நுட்பமானது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி (அந்த ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதம்) பாசிட்டிவ் என்றால் ஹார்மோனைத் தடுக்கும் மருந்துகள் பயன்தர வாய்ப்பு உண்டு. இங்கே பாசிட்டிவ் ஒரு சிகிச்சைக்கு வழிவிடுகிறது. வெட்டு விளிம்பு பாசிட்டிவ் என்றால் எடுத்த திசுவின் ஓரம்வரை புற்றணுக்கள் உள்ளன; மறு அறுவை தேவைப்படலாம். நிணநீர்க் கணு நெகட்டிவ் என்றால் பரிசோதித்த கணுக்களில் புற்றணுக்கள் இல்லை; அது ஆறுதலான செய்தி. 'டிரிபிள் நெகட்டிவ்' அப்படியல்ல. புற்றுநோய் இருக்கிறது, ஆனால் மருந்து குறிவைக்கும் மூன்று ஏற்பிகள் அதில் இல்லை என்பதே அதன் பொருள். 'மூன்றும் நெகட்டிவ்' என்று கேட்டு வீட்டில் நிம்மதிப் பெருமூச்சு விடுவது கொடுமையான குழப்பம். மருத்துவர் அந்த இடத்திலேயே விளக்கிவிட வேண்டும்.

கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையின் ரிப்போர்ட்டில் வரும் 'கிராம் நெகட்டிவ்' இன்னொரு பொறி. 1884இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் வெளியிட்ட சாயமுறை அது. ஊதா நிறத்தைப் பிடித்துவைக்கும் பாக்டீரியா பாசிட்டிவ். அதை விட்டுவிட்டு இளஞ்சிவப்பாகத் தெரிவது நெகட்டிவ். எந்த வகை பாக்டீரியா என்பதைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. கிருமி இல்லை என்று சொல்லவில்லை. ரத்த வகையில் ஆர்எச் நெகட்டிவ் என்பதும் குறைபாடு அன்று, சிவப்பணுவில் ஒரு புரதம் இல்லை, அவ்வளவே. கர்ப்பிணிகள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்: அந்தப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் இன்னும் உருவாகாத ஆர்எச் நெகட்டிவ் தாய்க்கு, அது உருவாகாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசியை 28ஆம் வாரத்தை ஒட்டிப் போடுவது வழக்கம். குழந்தை ஆர்எச் பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் மீண்டும் போட வேண்டும்.

தேடியது இருந்தும் அகப்படாமல் போவதுண்டு. டெங்கு வைரஸின் புரதமான என்எஸ்1 முதல் சில நாட்களில்தான் நன்றாகப் பிடிபடும். ஏறக்குறைய ஐந்தாம் நாளுக்குப் பிறகு உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளான ஐஜிஎம் பார்க்க வேண்டும். இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கலக்கும் புரதமான டிரோபோனின், நெஞ்சுவலி தொடங்கியவுடன் எடுத்த பரிசோதனையில் நெகட்டிவாக வரலாம். அதனால்தான் சில மணி நேரத்தில் மறுபடி ரத்தம் எடுக்கிறார்கள்.

இல்லாதது இருப்பதாகக் காட்டுவதும் உண்டு. 10,000 பேரில் 10 பேருக்கு மட்டும் ஒரு நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நோயில்லாதவர்களில் 99 சதவீதம் பேருக்குச் சரியாக 'இல்லை' என்று சொல்லும் பரிசோதனைகூட, மீதமுள்ள 9,990 பேரில் சுமார் 100 பேரைப் பாசிட்டிவ் என்று காட்டிவிடும். உண்மையான நோயாளிகளைவிடப் பத்து மடங்கு! எச்ஐவி போன்றவற்றில் முதல் பரிசோதனையோடு முடிவு சொல்லாமல் உறுதிப்படுத்தும் பரிசோதனை செய்வது இதனால்தான்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் முடிவுப் பகுதியை விரலால் மறைத்துக்கொண்டு பரிசோதனையின் பெயரை முதலில் படியுங்கள். எதைத் தேடினார்கள் என்று தெரியாவிட்டால் அங்கேயே கேளுங்கள். பிறகு விரலை எடுத்துவிட்டு 'அது இருக்கிறது' அல்லது 'அது இல்லை' என்று முழு வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். போனில் மருத்துவரிடம் சொல்லும்போது 'எல்லாம் நெகட்டிவ்' என்று சுருக்க வேண்டாம். பரிசோதனையின் பெயர், முடிவு, பக்கத்தில் இருக்கும் அளவு, ரத்தம் எடுத்த தேதி, நேரம், அன்று காய்ச்சலோ வலியோ தொடங்கி எத்தனையாவது நாள், அதற்கு முன்பே ஆன்டிபயாடிக் எடுத்தீர்களா என்பது வரை சொல்லுங்கள். ஆன்டிபயாடிக் தொடங்கிய பிறகு எடுத்த கல்ச்சரில் கிருமி வளராமலே போகலாம். அந்த நெகட்டிவை மருத்துவர் வேறு விதமாகத்தான் படிப்பார்.