பேரிடரில் பாதிக்கப்பட்ட குழந்தைக்குச் சட்டம் தரும் உரிமைகள்: சேலம் மாவட்டத்தாருக்கு ஒரு விளக்கம்

மழைக்குப் பின் வருவாய்த் துறையினர் எடுக்கும் சேதக் கணக்கில் இடிந்த சுவரும் இறந்த ஆடும் இடம்பெறுகின்றன. இரவில் அலறி எழும் பிள்ளை இடம்பெறுவதில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழையால் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றபோதும், சேலத்தில் திருமணிமுத்தாறு பெருக்கெடுத்துத் தாழ்வான தெருக்களுக்குள் தண்ணீர் புகுந்தபோதும் பேச்செல்லாம் சாலை, வீடு, பயிர் பற்றியே இருந்தது. ஆனால் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், இயற்கைச் சீற்றத்தால் பாதிக்கப்பட்ட 18 வயது நிறையாத எவரையும் 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை' என்றே வகைப்படுத்துகிறது. அந்த வகைக்குள் வந்துவிட்ட குழந்தைக்கு அரசு செய்யும் உதவி அதிகாரியின் மனமிரங்கலைப் பொறுத்ததாக இருக்க முடியாது. பட்டாசுக் கிடங்கு வெடிப்பும் சாலை விபத்தும் அப்பிரிவில் பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. எனினும் பெற்றோரை இழந்து கவனிக்க ஆளின்றி நிற்கும் குழந்தையும், பெற்றோர் உடலாலோ மனத்தாலோ இயலாதவராகிவிட்ட குழந்தையும் அதே வரையறையின் வேறு உட்பிரிவுகளின்கீழ் வந்துவிடுவார்கள்.

இச்சட்டத்தின் 3ஆம் பிரிவில் உள்ள அடிப்படைக் கோட்பாடுகளில் இரண்டை மலையிலும் சமவெளியிலும் உள்ள குடும்பங்கள் அறிந்துவைத்திருப்பது நல்லது. தன்னைப் பற்றி எடுக்கப்படும் எந்த முடிவிலும் குழந்தையின் சொல் கேட்கப்பட வேண்டும் என்பதும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அச்சொல்லுக்கு மதிப்பளிக்க வேண்டும் என்பதும் ஒன்று. குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது வேறு வழியே இல்லாதபோது எடுக்கும் கடைசி நடவடிக்கையாகவே இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. "அதிகாரிகளிடம் சொன்னால் பிள்ளையைப் பிடித்து ஹோமில் போட்டுவிடுவார்கள்" என்ற அச்சத்தால், காபித் தோட்டக் கூலி வேலைக்குப் போகும் தாய்மார் பலர் வாய் திறப்பதில்லை. தாயோ பாட்டியோ சித்தப்பாவோ வைத்துப் பார்த்துக்கொள்ள ஆயத்தமாக இருக்கும்போது, அந்த வீட்டுக்குத் துணை செய்து குழந்தையை அங்கேயே வளரவிடுவதைத்தான் சட்டம் முதலில் நாடச் சொல்கிறது.

முடிவெடுக்கும் அமைப்பு, மாவட்டக் குழந்தைகள் நலக் குழு. தலைவர் ஒருவரும் உறுப்பினர் நால்வரும் கொண்ட இக்குழுவுக்கு நடுவர் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உண்டு. உறுப்பினர்களில் ஒருவரேனும் பெண்ணாக இருக்க வேண்டும். காவலர், அரசு ஊழியர், மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர் எவரும் குழந்தையைக் குழுவின் முன் அழைத்துவரலாம். குழந்தை தானாகவும் வரலாம். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் முன்னிறுத்த வேண்டும் என்பதும், குழு கூடாத நாளில் உறுப்பினர் ஒருவரிடம் முன்னிறுத்தினாலே போதும் என்பதும் மலைப்பாதை அடைபடும் நாட்களில் பயன்படும் விதிகள். குழந்தையின் குடும்பச் சூழலை நேரில் அறிந்து எழுதும் சமூக விசாரணை அறிக்கை 15 நாட்களுக்குள் முடிய வேண்டும்; இறுதி ஆணை நான்கு மாதங்களுக்குள் வர வேண்டும். குழுவுக்குக் கையும் காலுமாக இருப்பது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. அலுவலகம் தெரியாதவர்கள் 1098 என்ற இலவசக் குழந்தைகள் உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

குழந்தையின் சொல்லைக் கேட்பது என்று சட்டம் ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. நடைமுறையில்தான் அது தவறிப்போகிறது. கிராம நிர்வாக அலுவலர் ஒருமுறை, காவலர் ஒருமுறை, ஆசிரியர் ஒருமுறை, துக்கம் விசாரிக்க வந்த உறவினர் பத்து முறை என்று "எப்படிம்மா நடந்துச்சு, நீ எங்க இருந்தே" எனக் கேட்டுக்கொண்டே இருந்தால், பிள்ளை அந்த இரவை அத்தனை முறையும் மீண்டும் கடக்க வேண்டியிருக்கிறது. நடந்ததை விவரிக்கச் சொல்லி வற்புறுத்துவது ஆற்றுப்படுத்தாது என்பதில் பேரிடர் உளவியலார் இன்று ஒத்த கருத்துடன் இருக்கிறார்கள். அவர்கள் உளவியல் முதலுதவி என்று அழைப்பது எளிமையானது. முதலில் பிள்ளைக்குப் பசியா, காயமா, குளிரா என்று பார்த்து, தெரிந்த முகம் ஒன்றை அருகில் இருத்த வேண்டும். அதன் சம உயரத்தில் உட்கார்ந்து, அது பேசினால் குறுக்கிடாமல் கேட்டு, பேசாவிட்டால் பேசாமலே உடன் இருக்க வேண்டும். பிறகு எங்கே உதவி கிடைக்குமோ அங்கே கொண்டுசேர்க்க வேண்டும்.

குழந்தை எப்போதும் வாயால்தான் சொல்லும் என்றில்லை. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை விட்டுப்போன படுக்கை நனைப்பை மீண்டும் தொடங்கும். தாயின் முந்தானையை விடாது. தொடக்கப் பள்ளிப் பிள்ளை, மண்ணைக் குவித்து வீடு புதைவதையே விளையாட்டாகத் திரும்பத் திரும்ப ஆடும். மழை இருண்டால் வயிற்றுவலி என்று படுக்கும். பதின்வயதுப் பையன் எரிந்து விழுவான், அல்லது தன்னால்தான் தம்பியைக் காப்பாற்ற முடியாமல் போயிற்று என்று உள்ளுக்குள் புழுங்குவான். இவற்றைப் பிடிவாதம் என்று கொண்டு அடிப்பதும், "சின்னப்பிள்ளைதானே, மறந்துடும்" என்று விடுவதும் நம்மிடம் ஒருசேர இருக்கின்றன. இறந்த தந்தையைப் பற்றி "அப்பா ஊருக்குப் போயிருக்கார்" என்று சொல்லும் பெரியவர்களின் எண்ணம் நல்லதே. ஆனால் பிள்ளை வாசலைப் பார்த்துக் காத்திருக்கும். உண்மை பின்னர் வேறு யார் வாயிலாகவோ தெரியும்போது வீட்டாரின் எந்தச் சொல்லையும் அது நம்பாது. வயதுக்கேற்ற எளிய சொற்களில் உண்மையைச் சொல்லி, கேட்கும்போதெல்லாம் சலிக்காமல் அதே விடையைத் தருவதே சரியானது.

பெரும்பாலான பிள்ளைகள் வழக்கமான சாப்பாடு, உறக்கம், பள்ளி, விளையாட்டு ஆகியவை திரும்பியதும் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். ஒரு மாதம் கடந்தும் தூக்கமின்மை, கெட்ட கனவு, பள்ளிக்குப் போக மறுத்தல், ஒதுங்கியிருத்தல் ஆகியவை தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சாக வேண்டும் என்று பிள்ளை ஒருமுறை சொன்னாலும் ஒரு மாதம் பார்க்கக் கூடாது. அன்றே அழைத்துச் செல்ல வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் சேவையும், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவும் கட்டணமின்றிக் கிடைப்பவை. மலையிலிருந்து உடனே இறங்க முடியாதவர்கள் 14416 என்ற எண்ணில், 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் 2022 முதல் இயங்கும் தொலைபேசி மனநல ஆலோசனையை இரவு பகல் எந்நேரமும் தமிழில் பெறலாம். அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் இயங்கும் சேவையின் வழியாக மனநலச் சிகிச்சை பெறுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ஒவ்வொருவருக்கும் உரிமையாக்கியிருக்கிறது.

பண உதவியில் மூன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பேரிடரில் ஒருவர் இறந்தால் மாநிலப் பேரிடர் நிவாரண நிதி விதிகளின்படி குடும்பத்துக்கு ஒருமுறை வழங்கப்படும் 4 லட்சம் ரூபாய் ஒன்று. அது வருவாய்த் துறை வழியே வருகிறது. ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யா தரும் நிதி ஆதரவு வேறு: குழந்தை வீட்டிலிருந்தே வளர்ந்து படிக்க மாதம் 4,000 ரூபாய், 18 வயது வரை. கைம்பெண்ணின் குழந்தை, உறவினர் வீட்டில் வளரும் பெற்றோரற்ற குழந்தை, பெற்றோர் கடும் நோயாலோ விபத்தாலோ முடங்கிய குழந்தை, இயற்கைச் சீற்றத்தில் பாதிக்கப்பட்ட குழந்தை ஆகியோர் இதற்குத் தகுதி உடையவர்கள். குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000 ரூபாய்க்கும், நகர்ப்புறத்தில் 96,000 ரூபாய்க்கும் மிகக் கூடாது. இன்றைய கூலிக்கும் விலைவாசிக்கும் இந்த வரம்பு மிகக் குறைவு என்பதே என் கருத்து. மூன்றாவது, தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய 'அன்புக் கரங்கள்'. பெற்றோர் இருவரையும் இழந்தவர்களுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க இயலாத நிலையில் இருப்பவர்களுக்கும் மாதம் 2,000 ரூபாய் தருகிறது. இறப்புச் சான்று, ஆதார், குடும்ப அட்டை, வருமானச் சான்று, பள்ளிப் படிப்புச் சான்று, வங்கிப் புத்தகம் ஆகியவற்றுடன் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனுக் கொடுத்து, எது பொருந்தும் என்று கேட்கலாம்.

புத்தகமும் சான்றிதழும் வெள்ளத்தோடு போய்விட்டன என்பதற்காகப் பள்ளி எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது. வயதுச் சான்று இல்லை என்றோ மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்றோ தொடக்கக் கல்விக்கான சேர்க்கையை மறுக்க 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இடம் தரவில்லை. அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு தடுக்கிறது.

பெற்றோரைப் பிரிந்த குழந்தையைக் கண்டால் 24 மணி நேரத்துக்குள் 1098க்கோ காவல் நிலையத்துக்கோ குழந்தைகள் நலக் குழுவுக்கோ அலகுக்கோ தெரிவிப்பது ஒவ்வொருவரின் கடமை. இரக்கப்பட்டுத் தாமே வைத்துக்கொள்வதும், குழந்தையில்லாத உறவினருக்குக் கொடுத்துவிடுவதும் சட்ட நடைமுறைக்குப் புறம்பான தத்தாகி, மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகலாம். விசாரணையில் உள்ள குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி ஆகியவற்றை அடையாளம் தெரியும்படி வெளியிடுவதற்கு ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. அழும் பிள்ளையின் முன் செல்பேசியை நீட்டி "அப்பா எங்கே" என்று கேட்டு அதை வாட்ஸ்அப் குழுவில் போடும் நல்லெண்ணக்காரர்கள் இதை ஒருமுறை படித்துவிடுவது நல்லது. நிவாரண முகாமில் பாலியல் தொல்லை நேர்ந்திருந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டப்படி, பிள்ளை இருக்கும் இடத்துக்கே காவல் அலுவலர், கூடுமானவரை பெண் அலுவலர், சீருடையின்றி வந்து, பிள்ளை நம்பும் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு வாக்குமூலம் பெற வேண்டும்.

குழுவின் ஆணை ஏற்புடையதாக இல்லாவிட்டால் 30 நாட்களுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். நிதி ஆதரவு, வளர்ப்புப் பராமரிப்பு (குழந்தையை வேறொரு குடும்பத்தில் தத்தாக அன்றி வளரவிடுவது) பற்றிய முடிவென்றால் மாவட்ட ஆட்சியரிடம் முறையிட வேண்டும். குழுவின் செயல்பாடு குறித்த புகார்களைக் கேட்பவரும் ஆட்சியரே. சேலம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைகளில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவை எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.