தாலி இருந்தது, சான்றிதழ் இல்லை

போன வாரம் தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து ஓர் அக்கா என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார். கணவர் இறந்து ஒன்றரை மாதம். உயில் எழுதவில்லை. வீடு, பென்ஷன், வங்கிக் கணக்கு எல்லாம் கணவர் பெயரில். ஒரு பிளாஸ்டிக் பை நிறையக் காகிதம் கொண்டுவந்திருந்தார்: கல்யாணப் பத்திரிகை, நலங்கு ஆல்பம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பழைய லைட் பில்கூட. திருமணச் சான்றிதழ் எங்கே என்று கேட்டேன். "கோயில்ல சாமி சாட்சியா கட்டினோமே, அது போதாதா?" என்றார். இறந்தவர் சொத்தைப் பிரித்துக் கொடுப்பதை மேற்பார்க்கும் மாஸ்டர் அலுவலகம் சாமியிடம் வாக்குமூலம் வாங்காது. அதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

இந்த வருஷம் இதே சிக்கலோடு வந்தவர்களில் இவர் நான்காவது. (ஆள் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

டர்பனில் இத்தனை வருஷம் வக்கீலாக இருந்ததில் எனக்கு அதிகம் எரிச்சல் தரும் வாக்கியம் ஒன்று உண்டு: "கோயில் கல்யாணத்துக்குச் சட்ட அங்கீகாரமா? அதைத்தான் காந்தி 1914-லேயே வாங்கிக் கொடுத்துவிட்டாரே!" படித்தவர்கள்தான் இதை அதிகம் சொல்கிறார்கள். சரி, அன்றைக்கு என்னதான் கிடைத்தது?

டர்பன் இருக்கும் நேட்டாலை பிரிட்டிஷார் 1843-இல் எடுத்துக்கொண்டார்கள். ஆனாலும் 1845 முதல் இங்கே அடிப்படைச் சட்டமாக நின்றது ரோமன்-டச்சுச் சட்டம். அதற்கும் சரி, ஆங்கிலேய நீதிபதிக்கும் சரி, கல்யாணம் என்றால் ஒருவனுக்கு ஒருத்தி, அதுவும் அரசாங்கம் ஏற்ற முறையில். 1860 நவம்பர் 16-ஆம் தேதி மதராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் கரும்புத் தோட்டக் கூலிக்காக நம் ஆட்கள் வந்து இறங்கினார்கள். பின்னால் வருஷக்கணக்கில் வந்துகொண்டே இருந்தார்கள். இவர்கள் கல்யாணத்தை என்ன செய்வது? பாதுகாவலர் என்று ஓர் அதிகாரியை வைத்து, அவர் அலுவலகத்தில் பதியச் செய்தார்கள். கருணையினால் என்று நினைக்க வேண்டாம். கரும்புத் தோட்டத்தில் யார் யாருடைய மனைவி என்று தெரியாவிட்டால் கணக்கு வைக்க முடியாது.

வேரைத் தேடுகிறோம் என்று வருபவர்களுக்காக அந்தக் காலத்துப் பதிவேடுகளைப் புரட்டியிருக்கிறேன். ஒரு எண், தகப்பன் பெயர், ஜில்லா, ஊர், எல்லாம் இருக்கும். 1890-களில் கூலிக்கு வந்த ஆயாவுக்கு ஒரு வரியாவது இருக்கிறது. 1990-களில் கல்யாணமான கொள்ளுப்பேத்திக்கு ஒன்றும் இல்லை. இதை எங்கே போய்ச் சொல்வது?

அடுத்து 1913. மார்ச் 14 அன்று கேப் டவுனில் நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார். இந்தியாவிலிருந்து கணவனிடம் வந்த ஒரு முஸ்லிம் பெண்ணைக் குடியேற்ற அதிகாரிகள் உள்ளே விடவில்லை. பல மனைவியருக்கு இடம் கொடுக்கும் மதமுறைப்படி நடந்த கல்யாணம் இந்த நாட்டுச் சட்டத்தில் கல்யாணம் ஆகாது என்றார் நீதிபதி. ஒருவருக்கு ஒரே மனைவிதான் இருந்தாலும் முறையே இடம் கொடுக்கிறதே என்பதுதான் வாதம். அந்த ஒரு தீர்ப்பில் நம் பெண்கள் அத்தனை பேரும் மனைவி என்ற நிலையை இழக்கும் ஆபத்து வந்தது. பெண்கள் சத்தியாகிரகத்தில் இறங்கியதற்கு இது பெரிய காரணம். தில்லையாடி வள்ளியம்மை சிறையிலிருந்து நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று இறந்துபோனாள்.

அதே வருஷம் வந்த இந்தியர் நிவாரணச் சட்டம், ஒப்பந்தக் கூலி முடிந்தவர்கள் மேல் போட்டிருந்த மூன்று பவுன் வரியை எடுத்தது. கல்யாண விஷயத்தில் இரண்டு செய்தது. இந்திய மதங்களின் குருமார்களைத் திருமண அலுவலர்களாக நியமிக்கலாம் என்றது. ஏற்கெனவே ஒருவனுக்கு ஒருத்தியாக வாழ்பவர்கள் போய்ப் பதிந்துகொள்ளலாம் என்றது. அவ்வளவுதான். நன்றாகக் கவனியுங்கள்: தாலி கட்டினாலே சட்டப்படி கல்யாணம் என்று எந்த வரியிலும் இல்லை. சட்டம் தாலிக்கு அதிகாரம் கொடுக்கவில்லை, குருக்கள் கையில் ஒரு பேனாவைக் கொடுத்தது. அந்தப் பேனாவை எடுக்காமலே தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டுவிட்டுக் கலைந்துபோகிறோம்!

இன்று நடப்பில் இருக்கும் 1961-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டமும் அதே வழியில்தான் போகிறது. 1998-இல் வந்த வழக்காற்றுத் திருமணச் சட்டம் நமக்கும் பொருந்தும் என்று ஒருவர் என்னோடு சண்டையே போட்டார். பொருந்தாது, அது ஆப்பிரிக்க மக்களின் வழக்காறுகளுக்கானது. 2024-இல் விவாகரத்துச் சட்டத்தைத் திருத்தியது முஸ்லிம் திருமணங்களுக்காக. நமக்கு இன்னும் இல்லை.

விதவைக்குக் கொஞ்சம் வழி உண்டு. கோயில் கல்யாணம் மட்டுமே செய்த மனைவியும் உயிலில்லாச் சொத்துரிமையில் 'வாழ்க்கைத் துணை'தான் என்று டர்பன் உயர் நீதிமன்றம் 2008-இல் சொன்னது. ஆனால் கல்யாணம் நடந்ததை அவர்தான் நிரூபிக்க வேண்டும். புருஷன் உயிரோடு இருந்து, விட்டுவிட்டுப் போனால்? 2007-ஆம் ஆண்டின் டர்பன் தீர்ப்பு ஒன்றில், சடங்குப்படி மட்டும் மணந்த பெண் விவாகரத்துக் கேட்டார், நீதிமன்றம் மறுத்துவிட்டது. செத்தால் மனைவி, பிரிந்தால் யாரோ. இருவரும் கூட்டாளிகள் போலச் சேர்ந்து சம்பாதித்தோம் என்று தனி வழக்குப் போடலாம். அதை நடத்தி முடிப்பதற்குள் பாதி வீடு வக்கீல் ஃபீஸுக்கே போகும். வக்கீல் நானே சொல்கிறேன்.

இனி கல்யாணம் வைப்பவர்களுக்கு. பத்திரிகை அடிப்பதற்கு முன்னால் குருக்களிடம், "ஐயா, உங்களுக்குத் திருமண அலுவலர் நியமனம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். அவர் கோபித்துக்கொண்டால் வேறு குருக்களைப் பாருங்கள். பதிவேட்டில் அன்றைக்கே கையெழுத்துப் போடுங்கள், இரண்டு சாட்சி வேண்டும். சட்டம் சொல்லும் இடங்கள் வழிபாட்டுக் கட்டடம், அரசு அலுவலகம், கதவு திறந்திருக்கும் வீடு ஆகியவைதான். எனவே கல்யாணத்தை ஹாலில் வைத்தாலும் பதிவைக் கோயிலிலோ வீட்டிலோ முடித்துவிடுவது நல்லது. அப்புறம் உள்துறை அலுவலகத்தில் பதிவு ஏறிவிட்டதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். குருக்களின் பையிலேயே வருஷக்கணக்கில் கிடந்த படிவத்தை நான் பார்த்திருக்கிறேன்.

பதிவு செய்தால் சொத்தில் பாதி போய்விடும் என்று பயந்து சும்மா இருப்பவர்களே, அதற்குத்தான் திருமணத்துக்கு முந்திய ஒப்பந்தம் இருக்கிறது. நோட்டரியிடம் போய் முதலில் அதை எழுதுங்கள், பிறகு பதியுங்கள். வரிசை மாறக் கூடாது. தாலி கட்டி முப்பது வருஷமானவர்களுக்கும் இந்த வழி திறந்துதான் இருக்கிறது, ஏனென்றால் சட்டத்தின் கண்ணில் உங்களுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. பதியும் நாள்தான் கல்யாண நாளாக எழுதப்படும். வெட்கப்பட ஒன்றுமில்லை. பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், பதினெட்டு வயது ஆகியிருந்தால் சாட்சிக் கையெழுத்துக்கும் ஆவார்கள். அப்படியே உயிலும் எழுதிவிடுங்கள், தயவுசெய்து.

அந்த அக்காவின் கோப்பு என் மேசை மேல் இருக்கிறது. கட்டிய தாலியைப் பத்தாம் நாள் கழற்றிவிட்டார்கள். கல்யாணம் செய்துவைத்த குருக்கள் காலமாகிவிட்டார். ஆல்பத்தில் நாதஸ்வரக்காரர் பக்கத்தில் ஒரு மேளக்காரர் நிற்கிறார். இங்கே டர்பனிலேயே ஃபீனிக்ஸ் பக்கம் இருப்பதாகக் கேள்வி. பிரமாண வாக்குமூலத்துக்காக அவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.