ஆசிட் வீச்சுக்குப் பிறகு மூக்கும் முகமும்: இலவச சிகிச்சை எதுவரைக்கும்?

ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவருக்கு அரசு மருத்துவமனை மட்டுமல்ல, தனியார் மருத்துவமனையும் காசு வாங்காமல் சிகிச்சை தரவேண்டும் என்பது பலருக்குத் தெரியும், ஆனால் அரைகுறையாகத்தான் தெரியும். முதல் நாள் கழுவி, மருந்து போட்டு, கட்டுக் கட்டி அனுப்புவதோடு அந்த இலவசம் முடிந்துவிடுகிறது என்று நினைக்கிறார்கள். முடிவதில்லை, போன மூக்கைத் திரும்பக் கட்டுகிற ஆபரேஷனும் அதில் அடக்கம்.

இதற்கான பிரிவு 2013-ல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்ந்தது (அப்போது 357சி, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய நடைமுறைச் சட்டத்தின் 397). சிகிச்சையை உடனே தொடங்கவேண்டும், போலீசுக்குச் சொல்வதும் மருத்துவமனையின் வேலைதான். அதனால் 'முதலில் எஃப்.ஐ.ஆர். கொண்டு வாருங்கள்' என்று யாராவது சொன்னால் அது சட்டம் இல்லை. சிகிச்சை தர மறுத்தால் புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.-இன் 200-வது பிரிவின் கீழ் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்ட லட்சுமி என்பவர் தொடுத்த வழக்கில் 2015 ஏப்ரல் 10 அன்று உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகவே சொல்லிவிட்டது: மருந்து, சாப்பாடு, படுக்கை, சீரமைப்பு அறுவை சிகிச்சை எல்லாமே இலவசம். எங்களிடம் அந்த வசதி இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பவும் கூடாது, முதலுதவி செய்துவிட்டு வசதி உள்ள இடத்துக்கு மாற்றலாம்.

சரி, இது ஏன் இவ்வளவு முக்கியம்? முகத்தை ஒரே ஆபரேஷனில் சரிசெய்ய முடியாது. இமை சுருங்கிக் கண் மூடாமல் போனால் கருவிழி காய்ந்து பார்வையே போகலாம் என்பதால் டாக்டர்கள் பெரும்பாலும் இமையைத்தான் முதலில் பார்ப்பார்கள், அப்புறம் வாய், தழும்பு இழுத்துப் பிடித்த கழுத்து. மூக்கின் முறை பெரும்பாலும் பிறகுதான் வரும், தழும்பு இறுகி அடங்க மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். மூக்குக்கு உள்ளே மெல்லிய சவ்வு, நடுவில் தாங்கிப் பிடிக்கும் குருத்தெலும்பு, மேலே தோல் என மூன்றும் வேண்டும். குருத்தெலும்பை விலா எலும்புப் பக்கத்திலிருந்தோ காதிலிருந்தோ எடுப்பார்கள், தோலை நெற்றியிலிருந்து ரத்த ஓட்டத்தோடு திருப்பி இறக்கி, ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து, ரத்தம் வருவதற்காக நெற்றியோடு ஒட்டவிட்டிருந்த தோல் காம்பை வெட்டுவார்கள். நெற்றியும் வெந்திருந்தால் கையிலிருந்தோ வேறு இடத்திலிருந்தோ எடுக்கவேண்டிவரும். மூக்கின் வடிவத்தைத் திட்டமிட பழைய போட்டோ உதவும், இருந்தால் கொண்டு போங்கள்.

ஆக, முதல் அட்மிஷனுக்கும் மூக்கு ஆபரேஷனுக்கும் நடுவில் ஒன்றிரண்டு வருடம்கூட ஓடியிருக்கலாம், மருத்துவமனையும் மாறியிருக்கலாம். அங்கே போய் நிற்கும்போது கைகொடுப்பது ஒரே ஒரு காகிதம். முதலில் சிகிச்சை தந்த மருத்துவமனை, 'இவர் ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்' என்று ஒரு சான்றிதழ் தரவேண்டும், அதைக் காட்டிப் பின்னால் வரும் சிகிச்சைகளைப் பெறலாம் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. வீட்டார் இருக்கும் பதற்றத்தில் இதைக் கேட்கவே தோன்றாது. டிஸ்சார்ஜ் சம்மரி வேறு, இது வேறு. டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே கேட்டு வாங்கி, நாலு நகல் எடுத்து வையுங்கள்.

இழப்பீட்டுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் மனு கொடுக்கவேண்டும். குறைந்தபட்சம் 3 லட்சம் ரூபாய், அதில் 1 லட்சம் விஷயம் அவர்கள் கவனத்துக்கு வந்த 15 நாளுக்குள், மீதி அடுத்த இரண்டு மாதத்துக்குள். தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 2018 திட்டப்படி, முகம் சிதைந்த பெண்களுக்கு 7 முதல் 8 லட்சம் வரை. பிரதமர் நிவாரண நிதியிலிருந்து கூடுதலாக 1 லட்சமும் உண்டு. ஆணைக்குழுவின் உதவி எண் 15100.

சொந்தமாக மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்களிடம் 'பிளாஸ்டிக் சர்ஜரி பாலிசியில் வராது' என்று சொல்வதுண்டு. அழகுக்காகச் செய்வதுதான் வராது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்புக்கு அந்த விலக்கிலேயே விதிவிலக்கு இருக்கிறது, மருத்துவக் காரணத்துக்காகச் செய்வது என்று டாக்டர் எழுதித் தரவேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு என்று சான்று கிடைத்தால் அரசு வேலை இடஒதுக்கீட்டுக்கும் விண்ணப்பிக்கலாம்.