பழைய கிட்டாரின் வயதைச் சீரியல் நம்பரிடம் கேட்காதீர்கள்

பழைய எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று கைக்கு வந்தால் எல்லோரும் முதலில் தேடுவது சீரியல் நம்பரைத்தான். எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை கிடையாது. அமெரிக்கக் கம்பெனியான ஃபெண்டரின் 1960களின் கிட்டார்களில் அந்த எண், நெக்கை, அதாவது விரல் வைத்து வாசிக்கும் நீண்ட கழுத்தை, உடலோடு இணைக்கும் தகட்டில் இருக்கும். தகடுகளைப் பெட்டியிலிருந்து கைக்கு வந்தபடி எடுத்து மாட்டினார்களே தவிர வரிசையெல்லாம் பார்க்கவில்லை. நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால் அந்தத் தகடு வேறொரு கிட்டாருக்குப் போய்விடும். இன்னொரு கம்பெனியான கிப்சனோ அதே காலத்தில் ஒரே எண்ணை ஒன்றுக்கு மேற்பட்ட கிட்டார்களுக்குக் கொடுத்திருக்கிறது.

அதனால் உள்ளே பார்ப்பதுதான் சரி. வால்யூம் குமிழுக்கு அடியில் ஒரு பாட், அதாவது குமிழைத் திருப்பினால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பாகம், இருக்கும், அதன் உலோக மூடியில் 1376618 என்பது மாதிரி ஓர் எண் அடித்திருப்பார்கள். 137 என்றால் பாட்டைச் செய்த சிடிஎஸ் கம்பெனி, 66 என்றால் 1966, கடைசி 18 அந்த ஆண்டின் 18ஆவது வாரம். பாட் செய்வதற்கு முன்பே கிட்டார் செய்திருக்க முடியாது, அவ்வளவுதான் இதில் உறுதி. ஃபெண்டர் 1966இல் பாட்களை மொத்தமாக வாங்கிக் குவித்து, சில வருடங்கள் அதையே போட்டுக்கொண்டிருந்தது.

அந்த பாட்டே பிறகு மாற்றியதாக இருந்தால்? வயர்களை உருக்கி ஒட்டிய உலோகப் பற்றான சால்டரைப் பாருங்கள். பல வருடம் யாரும் தொடாத சால்டர் மங்கிப்போய்ச் சாம்பல் நிறத்தில் இருக்கும். மறுபடி சூடுபட்டதோ பளபளக்கும், சுற்றிலும் பழுப்பாக ஃப்ளக்ஸ் என்ற, சால்டர் ஒட்ட உதவும் பசை வழிந்திருக்கும், துணி சுற்றிய பழைய வயர்களுக்கு நடுவே பிளாஸ்டிக் வயர் ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும்.

அப்புறம் பிக்கப், தந்திகளின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பாகம். காந்தத்தைச் சுற்றி, தலைமுடி அளவு மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். அது எங்காவது ஓரிடத்தில் அறுந்தால் சத்தம் போச்சு, புதுக் கம்பி சுற்ற வேண்டியதுதான். சுற்றுகளின் எண்ணிக்கை மாறினால் மின்தடையும் மாறும் என்பதால் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கிறார்கள். ஆனால் செம்பின் தடை வெப்பத்தோடு ஏறும், 10 டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 4 சதவீதம். குளிர்ந்த அறையில் 6000 ஓம் காட்டிய அதே பிக்கப் வெயில் நாளில் 6230ஐத் தாண்டும், இதை மறந்துவிட்டு யாரோ பிரித்து மாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகக் கூடாது.

பெயின்டுக்குப் புற ஊதா விளக்கு போதும். இருட்டில் அடித்தால் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் என்ற பழைய வகை வார்னிஷ் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். பிறகு பூசிய இடமும், உடைந்து ஒட்டிய நெக்கின் விளிம்பும் திட்டாகத் தனியே தெரியும்.

எல்லா மாற்றமும் கெடுதல் என்று நினைக்க வேண்டாம். ராக் கிட்டார் கலைஞர் பீட்டர் கிரீன் வாசித்து, இன்னொரு கலைஞர் கேரி மூரிடம் போய், 2014இல் மெட்டாலிகா குழுவின் கிர்க் ஹாமெட்டிடம் வந்துசேர்ந்த, கிப்சனின் 1959 லெஸ் பால் மாடல் கிட்டாரில் நெக் பக்கத்துப் பிக்கப்பின் காந்தம் திரும்பியிருக்கிறது. இரண்டு பிக்கப்பையும் சேர்த்துப் போட்டால் ஒன்றின் சிக்னல் ஏறும்போது மற்றது இறங்கும். தாழ்ந்த அதிர்வுகளை இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி உணர்வதால் அவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், மேல் அதிர்வுகள் இரண்டு இடத்திலும் வேறுவேறாக இருப்பதால் தப்பிக்கும். மூக்கால் பாடுவது போன்ற அந்த மெல்லிய ஒலிக்கு இதுதான் காரணம். யாராவது 'சரிசெய்து' கொடுத்திருந்தால் அந்தக் கிட்டாரே போயிருக்கும்.

பிங்க் ஃபிளாய்ட் குழுவின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோர் 1970இல் வாங்கிய, ஃபெண்டரின் கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் நெக்கைப் பலமுறை மாற்றினார், பிக்கப்பை மாற்றினார், உடலில் துளை போட்டு ஒரு சாக்கெட் வைத்துவிட்டு, பிறகு அது வேண்டாமென்று கழற்றி மரத்தால் அடைத்தார். 2019இல் அது 39,75,000 டாலருக்கு ஏலம் போனது, அடைத்த துளையோடு.