எடுத்ததும் ஏன் மௌனம்? பிரிடிக்டிவ் டயலரின் கணக்கு

கால் சென்டரிலிருந்து வெளியே செல்லும் அழைப்புகளில் பெரும்பாலானவற்றை மறுமுனையில் யாரும் எடுப்பதில்லை. ஏஜென்ட் ஒருவர் தாமே எண்களை அழுத்திக் காத்திருந்தால், அவருடைய பணிநேரத்தின் பெரும்பகுதி மணியோசையைக் கேட்பதிலேயே கழிந்துவிடும். பிரிடிக்டிவ் டயலர் என்னும் மென்பொருள் இந்தக் காத்திருப்பைத் தான் ஏற்றுக்கொள்கிறது. ஓய்வாக இருக்கும் ஏஜென்ட்டுகளின் எண்ணிக்கையைவிட அதிகமான எண்களை அது ஒரே நேரத்தில் அழைத்து, எடுக்கப்பட்டவற்றை மட்டும் அவர்களிடம் சேர்க்கிறது.

எத்தனை எண்களை அழைப்பது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. எடுக்கப்படும் அழைப்புகளின் விகிதம், உரையாடலின் சராசரி நீளம், பேசி முடித்தபின் விவரங்களைப் பதிய ஆகும் நேரம் ஆகியவற்றை டயலர் இடைவிடாமல் அளந்து வருகிறது. ஆனால் சராசரி தெரிந்திருந்தாலும், அடுத்த நொடியில் எத்தனை பேர் எடுப்பார்கள் என்பது தற்செயலே. தொலைபேசி அழைப்புகளின் இத்தகைய ஏற்ற இறக்கத்தைக் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய ஆக்னர் கிராரூப் எர்லாங் 1909இல் வெளியிட்ட கட்டுரையில் கணித வடிவில் விளக்கினார்.

நான்கில் ஓர் அழைப்பு எடுக்கப்படுவதாகக் கொள்வோம். ஒரே ஏஜென்ட்டுக்காக இரண்டு எண்களை அழைத்தால், இரண்டும் எடுக்கப்படும் வாய்ப்பு 16இல் 1. சிறியதாகத் தோன்றினாலும், எடுக்கப்படும் அழைப்புகளில் 12.5 விழுக்காடு பேசுவதற்கு ஆளின்றிக் கைவிடப்படும் என்பதே இதன் பொருள். மாறாக, 100 ஏஜென்ட்டுகளுக்காக 360 எண்களை அழைத்தால் சராசரியாக 90 பேர் எடுப்பார்கள். ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் கைவிடப்படுபவை ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவே இருக்கும். எனவே சிறிய குழுவுக்கு இந்த முறை பொருந்தாது. ஓர் ஏஜென்ட் ஓய்வானதும் ஓர் எண்ணை மட்டும் அழைக்கும் புரோகிரசிவ் முறையே அங்கு நேர்மையானது என்பது என் உறுதியான கருத்து.

மௌனத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. எடுத்தது மனிதரா, பதிவுக் குரலா என்று கண்டறியும் பகுதி, "ஹலோ" என்ற சிறு சொல்லைத் தொடர்ந்து இடைவெளி வந்தால் மனிதர் என்றும், பேச்சு நீண்டுகொண்டே போனால் இயந்திரம் என்றும் முடிவெடுக்கிறது. அந்த முடிவுக்குச் சிறிது நேரம் தேவைப்படுகிறது. அதற்குள் சிலர் துண்டித்தும் விடுகிறார்கள்.

தனியாக வாழும் முதியவருக்கு, யாரும் பேசாத அழைப்பு அச்சமூட்டக்கூடியது. அமெரிக்காவின் டெலிமார்க்கெட்டிங் விதிகள் இதற்கு வரம்பு வகுத்துள்ளன. எடுத்தவர் முகமன் சொல்லி முடித்த 2 நொடிகளுக்குள் ஏஜென்ட்டை இணைக்காவிட்டால் அது கைவிடப்பட்ட அழைப்பாகும். மனிதர் எடுத்த அழைப்புகளில் இத்தகையவை, பிரசாரம் ஒன்றுக்கு 30 நாள் கணக்கில், 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. யாரும் எடுக்காத அழைப்பைத் துண்டிப்பதற்குமுன் குறைந்தது 15 நொடிகளோ நான்கு மணியோசைகளோ ஒலிக்கவிடவும் வேண்டும்.

ஆனால் 30 நாள் சராசரி பலவற்றை மறைத்துவிடும். மதிய உணவுக்குப் பாதிப் பேர் எழுந்து செல்லும்போதும், மாலையில் மக்கள் வீடு திரும்பி அதிக அழைப்புகளை எடுக்கத் தொடங்கும்போதும் பழைய வேகம் பொருந்தாது. ஆகவே மேற்பார்வையாளர் கைவிடப்பட்ட விகிதத்தை மணிக்கு மணி பார்த்து, அது உயரத் தொடங்கியதுமே வேகத்தைக் குறைத்தாக வேண்டும்; அதனால் சில ஏஜென்ட்டுகள் சற்று நேரம் காத்திருக்க நேர்ந்தாலும் அந்தச் செலவை நிறுவனமே ஏற்க வேண்டும்.