கம்பெனி கைமாறினால் பழைய பாக்கி தானாக வந்துவிடாது

அட்டைப்பெட்டி சப்ளை செய்துவந்த ஒருவரை எனக்குத் தெரியும். பதினோரு லட்சம் ரூபாய் பாக்கி. கம்பெனி திவால் நடவடிக்கைக்குள் போனதும் கணக்குப் பிரிவில் போய்க் கேட்டார். "புது மேனேஜ்மென்ட் வரட்டும், பழைய பில் எல்லாம் செட்டில் ஆகிவிடும்" என்றார்கள். நம்பி ஒன்றரை வருடம் காத்திருந்தார். புது முதலாளி வந்தார், தொழிற்சாலை மறுபடி ஓடியது, வாசலில் அதே காவலாளிதான் நின்றார். பில்லை நீட்டியபோது "பட்டியலில் உங்கள் பெயர் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சட்டப்படி அந்தப் பதில் சரிதான். எனக்கு ஆறாததும் அதுவேதான்.

சட்டத்தின் கதை சுருக்கமாக இது. 2016ஆம் ஆண்டின் திவால் சட்டப்படி, கடனைக் கட்டாத கம்பெனியை என்.சி.எல்.டி. என்கிற தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் நடவடிக்கைக்கு எடுத்துக்கொள்ளும். நிர்வாகம் முதலாளியிடமிருந்து ஆர்.பி. என்கிற தீர்வு அதிகாரியின் கைக்குப் போகும். வாங்க வருபவர்கள் தீர்வுத் திட்டம் கொடுப்பார்கள். கடன் கொடுத்த வங்கிகளின் குழு 66 சதவீத ஓட்டில் ஒன்றை ஏற்றால், தீர்ப்பாயம் அதற்கு ஒப்புதல் தரும். 330 நாளில் இது முடிய வேண்டும் என்பது சட்டம். பல வழக்குகள் அதைத் தாண்டி இழுக்கின்றன. யாரும் வாங்காவிட்டால் கம்பெனி கலைக்கப்படும்.

சரி, ஓடுகிற கம்பெனியாக இன்னொருவரிடம் விற்பது கடன் கொடுத்தவர்களுக்கு நல்லதா? மொத்தமாகப் பார்த்தால் நல்லது. மிஷினைக் கழற்றி எடைக்குப் போட்டால் வருவதைவிட அதிகம் வருகிறது. திவால் வாரியமான ஐ.பி.பி.ஐ. வெளியிடும் கணக்குகளின்படி, தீர்வு கண்ட கம்பெனிகளில் கிடைத்த தொகை கலைப்பு மதிப்பைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். ஆனால் அதே கணக்கில், ஒப்புக்கொண்ட கோரிக்கைகளோடு ஒப்பிட்டால் கிடைத்தது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதிலும் பெரும்பகுதி வங்கிகளுக்குப் போகிறது. சரக்கு கொடுத்தவருக்கு, கலைத்து விற்றிருந்தால் கிடைத்திருக்கும் தொகை, திட்டத்தில் வரும் பணத்தைக் கலைப்பு வரிசைப்படி பிரித்தால் கிடைக்கும் தொகை, இந்த இரண்டில் பெரியதற்குக் குறையாமல் கொடுத்தால் போதும் என்கிறது சட்டம். வங்கிக் கடன் மலைபோல் இருக்கும் கம்பெனியில் அந்தத் தொகை பல நேரம் சுழியம்.

எஸ்ஸார் ஸ்டீல் வழக்கில் சப்ளையர்களையும் வங்கிகளுக்குச் சமமாக வைத்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. பணத்தை எப்படிப் பிரிப்பது என்பது வங்கிகளின் குழு எடுக்கும் வணிக முடிவு என்றாகிவிட்டது. அந்தக் குழுவில் சப்ளையருக்கு ஓட்டு இல்லை. மொத்தக் கடனில் சப்ளையர்கள், ஊழியர்கள் பாக்கி 10 சதவீதத்தைத் தொட்டால் ஒரு பிரதிநிதி கூட்டத்தில் உட்காரலாம், அவ்வளவுதான். கிடைப்பது குறைவு என்று தெரிந்தபிறகு, அந்தக் குறைவும் கைநழுவாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை.

முதலில், ஒரு கோடி ரூபாய் குழப்பம். பாக்கி ஒரு கோடிக்குக் குறைவாக இருந்தால் திவால் வழக்கு போட முடியாது என்பது உண்மை. ஒரு லட்சமாக இருந்த வரம்பை 2020 மார்ச்சில் ஒரேயடியாக ஒரு கோடிக்கு ஏற்றிவிட்டார்கள். அது வழக்குத் தொடங்குவதற்கு மட்டும்தான். வேறு யாரோ தொடங்கிய வழக்கில் கிளெய்ம், அதாவது உங்கள் பாக்கியைக் கேட்கும் கோரிக்கை, போடக் குறைந்தபட்சத் தொகை எதுவும் கிடையாது, கட்டணமும் கிடையாது. "உங்கள் தொகை சின்னது, சேர்க்க மாட்டார்கள்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருபதாயிரம் ரூபாய்க்கும் கிளெய்ம் போடலாம்.

அடுத்தது தேதி. வழக்கு ஏற்கப்பட்டதும் முதலில் வரும் இடைக்கால ஆர்.பி. நியமனமான நாளிலிருந்து 14 நாளுக்குள் அவரிடம் கிளெய்ம் கொடுக்க வேண்டும். அறிவிப்பு ஓர் ஆங்கில நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் வரும். எந்த ஊர் நாளிதழ் என்பதில்தான் ஆபத்து. பதிவு அலுவலகம் மும்பையில் இருந்து, யூனிட் மட்டும் இங்கே இருந்தால், அறிவிப்பு உங்கள் கண்ணில் படாமலே போகலாம். கம்பெனியும் உங்களைக் கூப்பிட்டுச் சொல்லப்போவதில்லை. பணம் இழுத்தடிக்கப்படுகிறது என்று தோன்றிய நாளிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை ஐ.பி.பி.ஐ. இணையதளத்தில் பொது அறிவிப்புப் பகுதியில் கம்பெனியின் முழுப் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

14 நாள் போய்விட்டால் முடிந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். தீர்வுத் திட்டங்களுக்கு அழைப்பு விடும் தேதி, நடவடிக்கை தொடங்கியதிலிருந்து 90ஆம் நாள், இந்த இரண்டில் எது பிந்தியதோ அதுவரை தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கொடுக்கலாம். அதையும் தாண்டினால் தாமதத்தைத் தீர்ப்பாயம் மன்னிக்க வேண்டும், வக்கீல் செலவும் வரலாம். திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டால் வழி அடைபட்டது. திட்டத்தில் இடம்பெறாத கோரிக்கைகள் ஒழிந்தவையாகக் கருதப்படும் என்று 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அட்டைப்பெட்டிக்காரர் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

படிவத்திலும் தடுக்கி விழுகிறார்கள். சரக்கோ சேவையோ கொடுத்தவர்களுக்கு ஃபார்ம் பி, தொழிலாளிக்கும் ஊழியருக்கும் ஃபார்ம் டி. எல்லாத் தொழிலாளர்களுக்கும் சேர்த்து ஒரு பிரதிநிதி கொடுப்பதானால் ஃபார்ம் ஈ. தவறான படிவத்தில் போனால் திருத்தி வாங்கவே நாள் ஓடிவிடும். பில், டெலிவரி சலான், இ-வே பில், வங்கிக் கணக்கு நகல் எல்லாவற்றையும் சேர்த்து மின்னஞ்சலில் அனுப்புங்கள், தபாலிலும் அனுப்பி ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். தொழிற்சாலைக் கணக்குப் பிரிவில் கொடுத்த கடிதம் கிளெய்ம் ஆகாது. தொழிலாளர் அலுவலகத்தில் கொடுத்த மனுவும் ஆகாது. எத்தனை பேர் இந்த இரண்டு மேஜைகளுக்கும் நடையாய் நடந்து நாளைத் தொலைத்திருக்கிறார்கள்! அந்த மேஜைகளில் இருப்பவர்கள் "இங்கே இல்லை, ஆர்.பி.யிடம் போங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

கிளெய்ம் கொடுத்தபின் பட்டியலைப் பார்ப்பது இன்னும் முக்கியம். கடன் கொடுத்தவர்கள் பட்டியல் இணையதளத்தில் போடப்படும். கேட்ட தொகை, ஏற்ற தொகை என்று இரண்டும் இருக்கும். ஏற்ற தொகையில் ஒரு ரூபாய் என்றோ சுழியம் என்றோ இருந்தால் உடனே காரணத்தை எழுத்தில் கேளுங்கள். போனில் "பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

தொழிலாளர்களுக்குச் சில வார்த்தைகள். கலைப்பில் பணம் பிரிக்கும்போது, நடவடிக்கைச் செலவு போக, கடைசி 24 மாதத் தொழிலாளர் பாக்கி, அடமானத்தை விட்டுக்கொடுத்த வங்கிகளோடு ஒரே வரிசையில் நிற்கும். மேலாளர் போன்ற மற்ற ஊழியர்களுக்கு 12 மாதச் சம்பளம்தான், அதுவும் ஒரு படி கீழே. அதனால் பதவிப் பெயரில் "சூப்பர்வைசர்" என்று இருந்தாலும் உண்மையில் என்ன வேலை பார்த்தீர்கள் என்பதற்கு ஆதாரம் வையுங்கள். ஒப்பந்தக்காரர் மூலம் வேலை பார்த்தவர் கொடுக்கும் ஃபார்ம் டி திரும்பிவர வாய்ப்பு அதிகம். உங்கள் ஒப்பந்தக்காரர் தன் பில்லுக்கு ஃபார்ம் பி கொடுத்தாரா என்று விரட்டிக் கேளுங்கள். அப்புறம், நடவடிக்கை நடக்கும் காலத்துச் சம்பளம். கம்பெனி உண்மையில் ஓடி, நீங்கள் உண்மையில் வேலை பார்த்திருந்தால்தான் அது முன்னுரிமைச் செலவாகும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வருகைப் பதிவேட்டைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

பி.எஃப்., கிராஜுவிட்டி தனி. ஜெட் ஏர்வேஸ் ஊழியர்களுக்கு அவற்றைக் கொடுத்தாக வேண்டும் என்று 2022 அக்டோபரில் உத்தரவானது, உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. ஆனால் வாங்க வந்தவர்கள் திட்டப்படி நடக்காததால், 2024 நவம்பரில் அந்தக் கம்பெனியையே கலைக்கச் சொன்னது அதே நீதிமன்றம். வாங்க ஆள் வந்துவிட்டார் என்பதாலேயே பணம் வந்துவிட்டதாக நினைத்துக் கடன் வாங்கிவிடாதீர்கள்.

இனி, பலரும் கோபத்தோடு கேட்பது: அதே முதலாளி வேறு பெயரில் வந்து வாங்கலாமா? 2017இல் கொண்டுவந்த 29ஏ பிரிவு, வாராக்கடன் வைத்த முதலாளிகளையும் அவர்களோடு சேர்ந்தவர்களையும் தடுக்கிறது. சிறு, குறு, நடுத்தர நிறுவனமாக இருந்தால் இந்தத் தடையில் பெரிய பகுதி தளர்கிறது, பழைய முதலாளியே எடுக்கலாம். அப்படிப்பட்ட சின்ன நிறுவனத்தை வாங்க வேறு ஆள் வர மாட்டார்கள் என்பது அரசு சொல்லும் காரணம். அதில் உண்மை உண்டு. இதைவிட எனக்குக் கவலை தருவது, வழக்குக்கு முன்பே மிஷினும் ஆர்டரும் உறவினர் கம்பெனிக்கு அடிமாட்டு விலைக்குப் போய்விடுவது. பிறகு வருபவருக்கு விற்க வெறும் கட்டடம்தான் மிஞ்சும், எல்லார் பங்கும் சுருங்கும். சம்பந்தப்பட்டவர்களோடு கடைசி இரண்டு வருடத்தில் நடந்த இப்படிப்பட்ட பரிமாற்றங்களை ரத்துசெய்யத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. மோசடி நடந்ததா என்று ஆர்.பி. 75ஆம் நாளுக்குள் ஒரு கருத்துக்கு வர வேண்டும். லாரி எந்த இரவில் எந்த மிஷினை ஏற்றிக்கொண்டு போனது என்பது அவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். முதல் மாதத்திலேயே எழுதிக் கொடுங்கள்.

செக் திரும்பியிருந்தால் ஒரு வழி திறந்தே இருக்கிறது. நடவடிக்கை நடக்கும்போது கம்பெனிமீது செக் வழக்கு நகராது. கையெழுத்துப் போட்ட இயக்குநர்மீது நகரும் என்று 2021 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. வக்கீல் "எல்லாம் தடையாகிவிட்டது" என்றால் இதை எடுத்துக் காட்டுங்கள்.

நடவடிக்கைக் காலத்தில் மறுபடி சரக்கு கேட்டால், ஆர்.பி.யின் கையெழுத்தோடு புது ஆர்டர் வாங்காமல் ஒரு பெட்டியும் அனுப்பாதீர்கள். அந்தப் பாக்கி நடவடிக்கைச் செலவாகி முதல் வரிசையில் நிற்கும், ஆனால் பழைய கணக்கோடு கலந்துவிட்டால் பிரித்துக் காட்டுவது பெரும்பாடு. புது லெட்ஜர், புது பில் வரிசை எண், முதல் நாளிலிருந்தே.